பயிற்சி முடிந்து வரும் திங்கட்கிழமை

முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம், மாற்றுத்திறனாளிகள் மையம், ஆலோசனை மையம் என்று மனிதர்களோடு நேரடியாகப் புழங்கும் சேவை நிறுவனங்களை நடத்துபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் ஐந்தாறு மேலாளர்களை மூன்று நாள் தலைமைப் பயிலரங்குக்கு அனுப்புகிறோம். துள்ளிக்கொண்டு வருகிறார்கள். இரண்டே வாரத்தில் பழையபடி ஆகிவிடுகிறார்கள். செலவு வீண்தானா?

பதில்: பயிலரங்கு வீணில்லை. அதற்கு முன்னும் பின்னும் ஒன்றுமே நடக்காமல் இருப்பதுதான் வீண்.

திரும்பி வருகிறவரின் திங்கட்கிழமையை நினைத்துப் பாருங்கள். மூன்று நாள் வேலை மேசையில் குவிந்து கிடக்கிறது. ஒருவர் லீவு, ஒரு குடும்பத்திலிருந்து புகார், மாலைக்குள் போக வேண்டிய ரிப்போர்ட். புதிதாகக் கற்றதைச் செய்துபார்க்க அரை மணி நேரம்கூட அதில் இல்லை. படித்ததைத் திரும்பத் தொடாவிட்டால் மறதி முதல் சில நாள்களிலேயே பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னையே சோதித்துக் காட்டிவிட்டார். நாம் இன்னும் சான்றிதழை ஃபைலில் வைத்துவிட்டு நிம்மதி அடைகிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பு அவருடைய மேலதிகாரி 20 நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். "திரும்பி வந்ததும் எந்த ஒரு வேலையை வேறு மாதிரி செய்யப் போகிறீர்கள்?" என்பதுதான் கேள்வி. ஒன்று போதும். 'நல்ல தலைவராக மாறுவேன்' என்றெல்லாம் எழுதக் கூடாது. 'வாராந்தர மீட்டிங்கில் நான் கடைசியாகப் பேசுவேன்' என்பது போல, பக்கத்தில் இருப்பவர் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்திலிருந்து இருவராக அனுப்புங்கள். தனியாகப் போனவர் கற்றதைப் பேசிப்பார்க்க ஆளில்லாமல் விட்டுவிடுவார். திரும்பிய முதல் இரண்டு நாள்களுக்கு அவருடைய அன்றாட வேலையில் ஒரு பகுதியை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். ஐந்தாம் நாளுக்குள் ஒரு பேச்சு, 30ஆம் நாள் ஒன்று, 90ஆம் நாள் ஒன்று. ஒவ்வொன்றும் கால் மணி நேரம்தான்.

பலன் இருந்ததா என்று பார்க்க, பயிற்சி மதிப்பீட்டு ஆய்வாளர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதிய நான்கு படிகள் இன்றும் உதவும்: பிடித்திருந்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பயனாளிகளுக்கு ஏதாவது மாறியதா. பெரும்பாலான நிறுவனங்கள் கடைசி நாள் ஒரு படிவம் கொடுத்து முதல் படியோடு நிறுத்திவிடுகின்றன. சாப்பாடும் பேச்சாளரும் நன்றாக இருந்தால் அதில் எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போட்டுவிடுவார்கள். மூன்றாம் படிதான் உங்களுக்கு முக்கியம். 60ஆம் நாள், அவருக்குக் கீழே வேலை செய்யும் மூன்று நான்கு பேரிடம் பெயர் கேட்காமல் கேளுங்கள்: அவர் எதைப் புதிதாகச் செய்கிறார், எதை நிறுத்திவிட்டார், எது அப்படியே இருக்கிறது. யாராலும் ஒரு உதாரணம்கூடச் சொல்ல முடியவில்லை என்றால், அடுத்த ஆண்டு அந்தப் பயிலரங்குக்கு ஆள் அனுப்ப வேண்டாம்.

கற்றலில் 70 விழுக்காடு வேலையிலிருந்து, 20 பிறரிடமிருந்து, 10 வகுப்பிலிருந்து என்ற கணக்கை யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நிர்வாகிகள் தங்கள் அனுபவத்தை நினைவுகூர்ந்து சொன்னதிலிருந்து பிறந்த எண்கள் அவை. அளந்து எடுத்தவை அல்ல. திசை காட்ட அது போதும். பட்ஜெட் பிரிக்க அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: எங்களிடம் இருந்த மிகச் சிறந்த களப்பணியாளரை மேற்பார்வையாளர் ஆக்கினோம். எட்டு பேர் அவருக்குக் கீழே. ஆனால் கடினமான குடும்பங்களுக்கெல்லாம் இன்னும் அவரேதான் ஓடுகிறார். மற்றவர்கள் வளரவே இல்லை.

பதில்: இது அவருடைய குறை இல்லை. பதவியைக் கொடுத்தீர்கள், பழைய வேலையை அவரிடமிருந்து எடுக்கவில்லை. களப்பணியில் கை தேர்ந்தவருக்கு அது பத்து நிமிடத்தில் திருப்தி தருகிற வேலை. மேற்பார்வையின் பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். நெருக்கடி வந்தால் யாரும் தெரிந்த வேலைக்குத்தான் திரும்புவார்கள்.

அவரிடம் உள்ள கேஸ்களை மூன்று மாதத்துக்குள் படிப்படியாக மற்றவர்களுக்கு மாற்றுங்கள். கையை முற்றிலும் விடாமல் ஒன்றிரண்டு வைத்திருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். கடினமான வீட்டுக்குப் போகும்போது அவர் கூடப் போகட்டும், பேசுவது களப்பணியாளராக இருக்கட்டும்.

அடுத்தது மேற்பார்வை நேரம். ஒவ்வொருவருக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 60 நிமிடம், தனியாக, கதவை மூடிக்கொண்டு. புதியவர்களுக்கு வாரம் ஒருமுறை. எட்டுப் பேருக்கு இது மாதம் 16 மணி நேரம். தயாரிப்பும் குறிப்பெழுதுவதும் சேர்த்தால் 24. அந்த நேரத்தை அவருடைய வேலை நாளில் ஒதுக்காமல் 'செய்யுங்கள்' என்றால் நடக்காது. சமூகப்பணி மேற்பார்வைக்கு அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃபிரட் கடூஷின் மூன்று வேலைகளைப் பிரித்துச் சொன்னார்: நிர்வாகம், கற்பித்தல், தாங்கிப் பிடித்தல். நடைமுறையில் முதல் வேலை மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். 'அந்தப் படிவம் வந்ததா, இந்தத் தேதிக்குள் முடியுமா' என்றே ஒரு மணி நேரமும் போய்விடும். அதனால் நிர்வாக விஷயங்களைக் கடைசி 15 நிமிடத்துக்குத் தள்ளுங்கள். முதல் 35 நிமிடம் ஒரே ஒரு குடும்பம், ஆழமாக. நடுவில் 10 நிமிடம், பணியாளர் எப்படி இருக்கிறார் என்பதற்கு.

அந்த 35 நிமிடம் எப்படி இருக்க வேண்டும்? பணியாளர் சொல்கிறார்: "மூணு தடவை போயிட்டேன். அந்த அம்மா கதவைத் திறக்கவே மாட்டேங்கிறாங்க. ஒத்துழைப்பு இல்லைன்னு எழுதி கேஸை முடிச்சிடலாமா?" பழக்கதோஷத்தில் மேற்பார்வையாளர், "நாளைக்கு நானே போய்ப் பேசறேன்" என்பார். வேலை முடிந்துவிடும், பணியாளர் கற்பது நின்றுவிடும். அதற்குப் பதில்: "மூணு தடவையும் எத்தனை மணிக்குப் போனீங்க?" "பதினோரு மணி வாக்கில." "அந்த நேரத்துல அவங்க எங்க இருப்பாங்க?" சற்று அமைதி. "ராத்திரி ஷிஃப்ட் போறாங்க… தூங்கிட்டு இருப்பாங்க." அடுத்து: "இதுக்கு முன்னாடி யாராவது அந்த வீட்டுக் கதவைத் தட்டினப்போ என்ன நடந்துச்சு?" கோப்பைப் புரட்டினால், முன்பு வேறொரு அலுவலகம் குழந்தையை அழைத்துப்போனது தெரிய வரும். 'ஒத்துழைப்பு இல்லை' என்ற சொல் இப்போது 'பயம்' என்று மாறுகிறது. செய்ய வேண்டியதும் மாறுகிறது. மேற்பார்வையாளர் ஒரு பதிலும் சொல்லவில்லை, மூன்று கேள்விகள்தான் கேட்டார். அவருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியது இதில்தான். மாதம் ஒருமுறை அவருடைய மேற்பார்வை நேரத்தில், பணியாளரின் அனுமதியோடு, நீங்கள் ஓரமாக உட்கார்ந்து கவனித்துவிட்டுப் பிறகு பேசுங்கள். எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை முறை தானே தீர்வு சொன்னார் என்று எண்ணி எழுதுங்கள். எண்ணைக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் எல்லோருக்கும் ஒரே விதி. யாரையும் பாகுபாடு பார்ப்பதில்லை. ஆனால் நிதி தருபவர்கள் 'சமநீதி எப்படி உறுதி செய்கிறீர்கள்' என்று கேட்கிறார்கள். இதில் காட்ட என்ன இருக்கிறது?

பதில்: ஒரே விதி என்பது தொடக்கம்தான். அந்த விதி யார் யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்த்தீர்களா என்பதே கேள்வி.

நல்லெண்ணத்தை அளக்க முடியாது, வரிசையை அளக்கலாம். உங்கள் சேவையைப் படிகளாகப் பிரியுங்கள்: விசாரித்தவர்கள், விண்ணப்பித்தவர்கள், ஆவணம் சரிபார்க்கப்பட்டவர்கள், சேர்ந்தவர்கள், கடைசிவரை இருந்தவர்கள். ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கையைக் குழுவாரியாகப் போடுங்கள். பாலினம், வயது, மாற்றுத்திறன், மொழி, தொலைவு என்று உங்கள் இடத்தில் எது வேறுபாட்டை உண்டாக்குமோ அது.

கற்பனையான ஒரு கணக்கு. 300 பேர் விசாரித்தார்கள், 210 பேர் சேர்ந்தார்கள். 70 விழுக்காடு, பார்க்க நன்றாக இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் அருகில் வசிக்கும் 200 பேரில் 160 பேர், அதாவது 80 விழுக்காடு; தொலைவில் வசிக்கும் 100 பேரில் 50 பேர், 50 விழுக்காடு. இனிப் படிகளைப் பாருங்கள். தொலைவிலிருந்து விண்ணப்பித்தவர்கள் 90. ஆவணத்தோடு இரண்டாம் முறை வந்தவர்கள் 58. சேர்ந்தவர்கள் 50. அருகிலிருந்து வந்தவர்கள் 190, 172, 160. பள்ளம் இருக்கும் இடம் தெளிவாகத் தெரிகிறது: இரண்டாம் முறை வரச் சொல்வது. யாரும் யாரையும் ஒதுக்கவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு முறை வர முடியாதவர்கள் தாமாகவே உதிர்ந்துவிட்டார்கள். முதல் நாளே ஆவணத்தை ஃபோட்டோ எடுத்து வாங்கிக்கொண்டால் முடிந்துபோகிற விஷயம்.

எவ்வளவு இடைவெளி இருந்தால் கவலைப்பட வேண்டும்? வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு பார்க்க 1978இல் அமெரிக்க அரசு வகுத்த வழிகாட்டி ஒன்று உண்டு. ஒரு குழுவின் தேர்வு விகிதம், அதிக விகிதம் பெற்ற குழுவினுடையதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் உற்றுப் பார்க்க வேண்டும் என்பது அது. மேலே உள்ள கணக்கில் 50ஐ 80ஆல் வகுத்தால் 62.5 விழுக்காடு. விசாரித்துப் பார்க்கச் சொல்லும் மணி அது. அடித்துவிட்டது என்பதற்காகக் குற்றம் உறுதியாகிவிடாது.

இரண்டு எச்சரிக்கை. ஒரு குழுவில் ஏழெட்டுப் பேர்தான் என்றால் விழுக்காடு போடாதீர்கள். ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் எண் தாறுமாறாகத் துள்ளும், யார் அவர் என்றும் வெளியே தெரிந்துவிடும். அங்கே எண்ணை விட்டுவிட்டு நேரில் கேளுங்கள். இரண்டாவது, விவரம் கேட்பவர் ஏன் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டும், 'சொல்ல விருப்பமில்லை' என்ற கட்டமும் படிவத்தில் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போடும் வேலையை ஆலோசகரிடம் விட்டுவிடாதீர்கள். மேலாளர்கள் நான்கு பேரை உட்கார வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அவரவர் பிரிவின் எண்ணை அவரவரே எக்செல்லில் போட்டு மற்றவர்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். சமநீதி பற்றி இரண்டு நாள் வகுப்பு எடுப்பதைவிட இந்த ஒரு மதியம் அதிகம் கற்றுக்கொடுக்கும்.

கேள்வி: சேவை நிறுவனத் தலைமைக்குச் சமூகப்பணிப் பட்டம் முக்கியமா, மேலாண்மைப் பட்டமா?

பதில்: எது இல்லையோ அது. களத்திலிருந்து வந்தவருக்குப் பணவரவு-செலவுக் கணிப்பும் பட்ஜெட் வாசிப்பும் தெரிந்தாக வேண்டும். மாதக் கணக்கைப் பார்த்து 'எத்தனை மாதச் சம்பளத்துக்குக் கையில் பணம் இருக்கிறது' என்று சொல்லத் தெரியாத இயக்குநர் ஆபத்தானவர். மேலாண்மை படித்தவர் முதல் மாதத்தில் பத்து நாளாவது வரவேற்பு மேசையிலும், பயனாளிகளின் வீட்டுக்கே போய்ப் பார்த்துவரும் வீட்டுப் பார்வையிலும் கழிக்கட்டும்.

கேள்வி: எங்கள் நிர்வாகக் குழுவில் பயனாளிகள் இருவரைச் சேர்த்தோம். ஓர் ஆண்டாகக் கூட்டத்துக்கு வருகிறார்கள், வாயே திறப்பதில்லை. ஆர்வம் இல்லையோ?

பதில்: ஆங்கிலத்தில் நாற்பது பக்கக் காகிதத்தை முந்தின நாள் இரவு அனுப்பினால் யாருக்கும் ஆர்வம் வராது.

மக்கள் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் வரைந்து காட்டினார். அதில் ஐந்தாம் படி, பெரும்பான்மை இல்லாத ஓரிரு இடங்களைக் கொடுத்துச் சமாதானப்படுத்துவது. பார்ப்பதற்குப் பங்கேற்பு, உள்ளே அதிகாரம் இல்லை. நீங்கள் நிற்பது அந்தப் படியில்.

ஏறுவதற்கு: காகிதம் ஏழு நாள் முன்பே, அவர்களுடைய மொழியில், இரண்டு பக்கத்துக்குள். கூட்டத்துக்கு முன்பு அரை மணி நேரம் ஒருவர் அவர்களோடு உட்கார்ந்து, எதில் முடிவெடுக்கப் போகிறார்கள் என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்கும் பயணத்துக்கும் பணம் கொடுங்கள். மற்ற உறுப்பினர்கள் சம்பளம் குறையாமல் வருகிறார்கள், இவர்கள் கூலியை இழந்து வருகிறார்கள். நிகழ்ச்சி நிரலில் அவர்களுக்குத் தெரிந்த விஷயம் முதலில் வரட்டும், நிதி அறிக்கை பின்னால் வரட்டும். இதற்கெல்லாம் மேலே ஒன்று: ஒரு சின்ன முடிவையாவது முழுக்க அவர்கள் கையில் கொடுங்கள். மையம் திறந்திருக்கும் நேரம், புகார் பெட்டியை யார் திறப்பது, இப்படி. அதை நீங்கள் மாற்றி எழுதாமல் இருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டுத்தான் அவர்கள் அடுத்ததைப் பேசுவார்கள்.

தலைவர் கற்க வேண்டியது இங்கே ஒரு சின்ன உடல் பழக்கம். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுவது. மூன்றாவது நொடியில் தானே பதில் சொல்லிவிடுகிற தலைவர்தான் அதிகம்.

கேள்வி: மாத ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. பிறகு திடீரென்று ஒரு பெரிய புகார் வெடிக்கிறது. கீழே எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை?

பதில்: கடைசியாகக் கெட்ட செய்தி கொண்டுவந்தவருக்கு என்ன நேர்ந்தது என்று எல்லோருக்கும் நினைவிருப்பதால்.

ஹார்வர்ட் பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை. தவறைப் பேசப் பயப்படவில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். ஆகவே பூஜ்யம் புகார் என்று ரிப்போர்ட் வந்தால் மகிழாதீர்கள், விசாரியுங்கள்.

இன்னொரு காரணம் இலக்கு. 'மாதம் 40 வீட்டுப் பார்வை' என்று வைத்து, அதை வைத்தே பணியாளரை எடைபோட்டால், 40 பார்வையும் நடக்கும். சுலபமான வீடுகளுக்கு நடக்கும். கதவு திறக்காத வீடு பட்டியலின் அடியில் போகும். எண்ணோடு கூட, மாதம் ஐந்து கோப்புகளைக் கண்ணை மூடி எடுத்துப் படித்து, அந்தக் குடும்பத்தில் இரண்டு பேரிடமாவது பேசிப்பாருங்கள்.

கெட்ட செய்தி வந்த முதல் பத்து நிமிடத்தில் நீங்கள் செய்வதுதான் நிறுவனத்தின் எழுதாத சட்டம். 'யார் செய்தது' என்று தொடங்கினால் அடுத்த செய்தி வராது. வரிசை இது: இப்போது யாராவது ஆபத்தில் இருக்கிறார்களா, அவர்களைப் பாதுகாக்க என்ன, சொன்னதற்கு நன்றி, என்ன நடந்தது. யார் என்பது அதற்குப் பிறகு, வேறொரு அறையில். வேண்டுமென்று இழைத்த கொடுமைக்கும் களைப்பில் நேர்ந்த பிழைக்கும் ஒரே நடைமுறை இருக்கக் கூடாது. முதலாவதற்கு மன்னிப்பில்லை, உடனே பணியிலிருந்து விலக்கி உரிய அதிகாரிகளிடம் தெரிவித்தாக வேண்டும்.

கேள்வி: தலைமைப் பதவிக்கு வருபவர்கள் எல்லாம் ஒரே மாதிரிப் பின்னணியில் இருந்தே வருகிறார்கள். நேர்காணல் நியாயமாகத்தான் நடத்துகிறோம்.

பதில்: நேர்காணலுக்கு இரண்டு ஆண்டு முன்பே அது முடிவாகிவிட்டது. மேலாளர் லீவில் போகும்போது 'நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று யாரிடம் சொல்லப்பட்டது? நிதி தருபவர் வந்தபோது யார் பேசினார்? அந்தப் பட்டியலை எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அலுவலகத்தில் கண்ணெதிரே இருப்பவர், ஆங்கிலம் சரளமாகப் பேசுபவர், மாலையில் தங்க முடிகிறவர். பொறுப்பு மேலாளர் வாய்ப்பை அறிவித்து, விரும்புபவர் கேட்கலாம் என்று வைத்து, முறை போட்டுக் கொடுங்கள்.

நேர்காணலிலும் கைவைக்க வேண்டியது உண்டு. எல்லோருக்கும் ஒரே ஐந்தாறு கேள்வி, ஒரே வரிசை. ஒவ்வொன்றுக்கும் நல்ல பதில் எப்படி இருக்கும், மோசமான பதில் எப்படி இருக்கும் என்று முன்பே எழுதிவையுங்கள். மூவர் கேட்கட்டும், ஒருவரோடு ஒருவர் பேசும் முன்பே தனித்தனியாக மதிப்பெண் போடட்டும். இப்படிக் கட்டமைத்த நேர்காணல் அரட்டை பாணியைவிட நன்றாகக் கணிக்கிறது என்பது பல பத்தாண்டு ஆய்வுகளில் தெளிவானது. கூடவே ஒரு மணி நேர வேலை மாதிரி: ஒரு திங்கட்கிழமை மேசையில் குவியும் பத்துக் காகிதங்களைக் கொடுத்து, எதை முதலில், எதை யாரிடம், எதைத் தள்ளிப்போடுவது என்று கேளுங்கள். பேச்சுத் திறமை இல்லாத நல்ல மேலாளர்கள் அதில் வெளியே வருவார்கள்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகளாக இயக்குநராக இருக்கிறேன். களைத்துவிட்டேன். பயிற்சி ஏதாவது உதவுமா?

பதில்: முதலில் எந்தக் களைப்பு என்று பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டினா மஸ்லாக் பணிச்சோர்வை மூன்றாகப் பிரித்தார்: உள்ளம் வற்றிப்போவது, எதிரே இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் கேஸாகப் பார்ப்பது, செய்வதில் பயனே இல்லை என்று தோன்றுவது. இரண்டாவது தொடங்கிவிட்டால் பயனாளிகளுக்கே கேடு. 'இந்த ஆளுங்க எப்பவும் இப்படித்தான்' என்று உங்கள் வாயில் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

அடுத்து, பத்து வேலை நாள் லீவு எடுங்கள், ஃபோன் இல்லாமல். யார் எந்த முடிவை எடுக்கலாம், எவ்வளவு தொகை வரை கையெழுத்திடலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்களை அழைக்க வேண்டிய மூன்று சூழ்நிலைகளையும் அதிலேயே குறிப்பிடுங்கள்: உயிராபத்து, காவல்துறை, தீ. திரும்பி வந்ததும் 'எது நின்றுபோனது' என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நின்றுபோன ஒவ்வொன்றும் இன்னும் யாருக்கும் கற்றுக்கொடுக்காத வேலை. அந்தப் பட்டியலில் மேலே இருக்கும் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளையும் ஒரு தேதியையும் எதிரே எழுதுங்கள். லீவில் இருந்தபோது எதுவுமே நிற்கவில்லை என்றால், அடுத்த லீவை மூன்று வாரமாக எடுக்கலாம்.